நளனுக்குத் தெரிந்தது... பாண்டியனுக்குத் தெரியவில்லை!

சனிக்கிழமைகளில் திருநள்ளாறுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். நள தீர்த்தத்தில் ஒரு முழுக்கு, எள் தீபம், சனீஸ்வரருக்கு ஒரு கும்பிடு... முடிந்தது. பல பேர் அப்படியே இன்னும் கொஞ்ச தூரம் போய், அம்பகரத்தூர் பத்ரகாளியம்மனையும் தரிசித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். இரண்டுமே காரைக்கால் பகுதி. பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் காலூன்றி, 1954-ல் விட்டுப்போன சீமை.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களையும் வைத்து ஒரு பழைய மர்மத்தைத் துப்பறியலாம். கொலையானது மனிதர்கள் அல்ல, குதிரைகள். ஒன்றிரண்டு அல்ல... வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில்!

முதலில் திருநள்ளாறு. நளனுக்குச் சனி பிடித்த கதை எல்லோருக்கும் தெரியும். சூதாடி நாட்டை இழந்தான், தமயந்தியை நடுக்காட்டில் விட்டுப் பிரிந்தான், சனி விலகிய இடம் திருநள்ளாறு என்பார்கள். அவன் சமையலில் புலி என்பதும் தெரியும். நளபாகம் என்று இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் சொல்கிறோமே! ஆனால், நளனுக்கு மூன்றாவதாக ஒரு திறமை இருந்தது. அதைப் பலரும் மறந்துவிட்டோம். அவன் குதிரை நிபுணன். அவனிடம் இருந்த வித்தைக்கு மகாபாரதம் வைத்திருக்கும் பெயர், 'அசுவ ஹிருதயம்'. பச்சையாகத் தமிழில் சொன்னால், குதிரையின் இதயம்!

உருவம் மாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபர்ணனிடம் தேரோட்டியாக வேலை பார்க்கிறான் நளன். ஒருநாள் மன்னன் அவசரமாக விதர்ப்ப நாட்டுக்குப் போயாக வேண்டும். ஒரே பகலில் போய்ச் சேர வேண்டும். வாகுகன் லாயத்துக்குப் போய்க் குதிரைகளைத் தேர்ந்தெடுக்கிறான். கொழுகொழுவென்று நிற்கும் குதிரைகளைத் தொடவே இல்லை. பார்வைக்கு மெலிந்த, ஆனால் நெடுவழியைத் தாங்கக்கூடிய சிந்து தேசத்துக் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு வந்து பூட்டுகிறான். மன்னனுக்கு மகா எரிச்சல். 'இந்த ஒல்லிக் குச்சிகளை நம்பியா நான் போக வேண்டும்?' என்கிற ரீதியில் கோபப்படுகிறான். வாகுகன் அசரவில்லை. கடைசியில் அந்த ஒல்லிக் குதிரைகள்தான் மன்னனைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

இந்தக் காட்சியை மனதின் ஒரு ஓரத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது அம்பகரத்தூர். அம்பரன் என்கிற அசுரன் எருமை வடிவெடுத்து ஓட, காளி விடாமல் துரத்திவந்து அவனை வதைத்த இடம் இது என்கிறது தலபுராணம். காளி என்றாலே செவ்வரளி மாலைதான் நினைவுக்கு வரும். கேட்பாரற்று வேலியோரம் வளர்கிற அந்தச் செடிக்குச் சம்ஸ்கிருத வைத்திய நூல்கள் ஒரு பெயர் வைத்திருக்கின்றன... 'அசுவமாரகம்'. அதாவது, குதிரைகொல்லி!

ஆடு, மாடு, மனிதன் என்று அரளி யாரை வேண்டுமானாலும் கொல்லும். இருந்தும் நம் முன்னோர்கள் குதிரையின் பெயரைச் சேர்த்து அழைத்திருக்கிறார்கள் என்றால், லாயத்தில் நடந்த சாவுகளைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அரளி தாக்குகிற இடம் இதயத் தசை. அந்தத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் சின்னஞ்சிறு பம்ப் ஒன்று இருக்கிறது. அரளி விஷம் அந்த பம்ப்பை அடைத்துவிடும். உப்புக் கணக்கு குளறுபடியானால் இதயத்தின் தாளம் குளறுபடியாகும். காய்ந்த அரளி இலை கொஞ்சம் வைக்கோலோடு கலந்து வந்தால் போதும். காலையில் கனைத்துக்கொண்டிருந்த குதிரை, மறுநாள் இருக்காது. (கோயில் மாலைகளை அப்படியே மாட்டுக்குப் போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.)

ஆக, ஒரு ஊர் குதிரையின் இதயத்தை அறிந்தவனின் ஊர். இன்னொன்று, அந்த இதயத்தை நிறுத்தும் பூவைச் சூடியவளின் ஊர். இனி, மர்மத்துக்குள் நுழையலாம்.

இந்தக் கடற்கரைக்கு வடக்கே இருக்கும் பூம்புகாரில் கடல் வழியாக வந்து இறங்கிய பொருட்களைப் பட்டினப்பாலை பட்டியல் போடுகிறது. அதில் குதிரையும் உண்டு. சங்க காலத்திலேயே நாம் குதிரையை இறக்குமதிதான் செய்திருக்கிறோம். காரணம் எளிது. காவிரி டெல்டா நெல்லுக்கான பூமி. பரந்த புல்வெளி கிடையாது. எருமைக்கும் வாத்துக்கும் ஏற்ற சேறு, குதிரைக் குளம்புக்கு ஏற்றதல்ல. ஆனால் ராஜாக்களுக்குக் குதிரை வேண்டும். குதிரைப்படை இல்லாத ராஜா, அந்தக் காலத்தில் பாதி ராஜாதான். சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் 'குதிரைச் செட்டிகள்' என்றே ஒரு வியாபாரக் கூட்டம் வருகிறது. மலைமண்டலத்திலிருந்து, அதாவது இன்றைய கேரளப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

1279-க்குப் பிறகு சோழர்களின் கதை முடிந்து, இந்த டெல்டாவும் பாண்டியர் கைக்குப் போனது. குலசேகர பாண்டியன் காலம். குதிரை வியாபாரம் உச்சத்துக்குப் போனதும் அப்போதுதான். 1290-களில் இந்தக் கரைக்கு வந்தார் வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ. முத்துக் குளிப்பதையும் மன்னர் உடம்பில் போட்டிருந்த நகைகளையும் பார்த்து வாயைப் பிளந்தவர், குதிரை விஷயத்தில் தலையில் அடித்துக்கொள்கிறார்.

அவர் சொல்வது இதுதான். இங்கே ராஜ சகோதரர்கள் 5 பேர். பெரியவர் வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்குமேல் வாங்குகிறார். மற்ற நான்கு பேரும் அதே அளவுக்கு வாங்குகிறார்கள். வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 100-கூடத் தேறுவதில்லை. எல்லாம் செத்துப்போகின்றன! ஹோர்முஸ், கிஷ், தோஃபார், ஏடன் என்று பல துறைமுகங்களிலிருந்து குதிரைகள் வருகின்றன. குதிரை வைத்தியம் தெரிந்த ஆள் இங்கே ஒருவரும் இல்லை. அப்படி யாரும் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்க முடியும்? எப்படி இருக்கிறது பிஸினஸ்!

போலோ சொன்னால் நம்பலாமா? கதை அளக்கிற ஆள் என்று அவருக்கு ஒரு கெட்ட பெயர் உண்டே? சரி, இன்னொரு சாட்சியைக் கூப்பிடுவோம். அவர் பெயர் வஸ்ஸாஃப். பாரசீக வரலாற்று ஆசிரியர். அவர் எழுதியது 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கிஷ் தீவின் பெரும் வியாபாரியான ஜமாலுதீன் வருஷத்துக்கு 1,400 குதிரைகளைத் தன் சொந்தப் பண்ணையிலிருந்து அனுப்புவதாக ஒப்பந்தம். ஜமாலுதீனின் தம்பி தகியுதீன் பாண்டியர் அரசவையில் அமைச்சர்! விற்பவருக்கு அண்ணன்-தம்பி உறவு, வாங்கும் இடத்திலேயே. பாரசீகத் துறைமுகங்கள் எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து வருஷத்துக்கு 10,000 குதிரைகள் வந்தன என்கிறார் வஸ்ஸாஃப். ஒரு குதிரை 220 பொன் தினார். மொத்தம் 22 லட்சம் தினார்!

போலோவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5 பேர், ஆளுக்கு 2,000. அதுவும் 10,000. ஒருவர் இத்தாலிக்காரர், ஒருவர் பாரசீகர். ஒருவர் புத்தகத்தை மற்றவர் பார்த்து எழுதியவரில்லை. கணக்கு மட்டும் ஒத்துப்போகிறது.

ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் இருந்தது. வழியில் கடலில் செத்துப்போகும் குதிரைக்கும் ராஜாவே விலை கொடுத்துவிட வேண்டும். கப்பல் லட்சணத்தையும் போலோ எழுதியிருக்கிறார். இரும்பு ஆணி கிடையாது, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த பலகைகள். மேல்தளமும் இல்லை. சரக்கை அடுக்கி, அதன்மேல் தோலைப் போட்டு மூடி, அதற்கும் மேலே குதிரைகளை நிற்கவைத்துக் கூட்டிவருவார்கள். அந்த ஆட்டத்தில் எத்தனை குதிரை தாங்கும்? நஷ்டம் வியாபாரிக்கு இல்லை என்பதால், அதைப் பற்றி அவர் ஏன் கவலைப்பட வேண்டும்?

பணம் எங்கிருந்து வந்தது? இதையும் வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார். கஜானாவிலிருந்து காசு போகவில்லையாம். கோயில்களின் நிலங்களிலிருந்தும் அறக்கட்டளைகளிலிருந்தும் வந்த உபரி வருமானம், கோயிலைச் சேர்ந்த பெண்கள்மீது போட்ட வரி... இவற்றிலிருந்து குதிரைக்குப் பணம் கட்டினார்களாம். வயலில் இடுப்பு ஒடிய நாற்று நட்டவளின் உழைப்பும், சந்நிதியில் ஆடியவளின் உழைப்பும் பொன்னாக மாறி, கப்பல் ஏறிப் பாரசீக வளைகுடாவுக்குப் போனது. பதிலுக்கு வந்தவை, ஒரு வருஷம் தாங்காத உயிர்கள்.

மாணிக்கவாசகர் கதையை இந்த வெளிச்சத்தில் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்துக்கு வந்திருக்கும் குதிரைகளை வாங்க, பாண்டியன் தன் அமைச்சரிடம் பெரும் பொருளைக் கொடுத்து அனுப்புகிறான். அவர் அதைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவழித்துவிடுகிறார். சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து கொடுக்கிறார். ராத்திரி அவை மறுபடி நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போகின்றன. பொழுது விடிந்தால் மன்னனுக்கு மிஞ்சியது காலி லாயமும் காலி கஜானாவும்! பக்திக் கதைதான். ஆனால், 'நேற்று வாங்கிய குதிரை இன்று காலை இல்லை' என்கிற காட்சி, அதைக் கேட்ட மதுரை ஜனங்களுக்குப் புதிதாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி... குதிரைகளைக் கொன்றது யார்?

'வெயில்தான். இந்தச் சீதோஷ்ணம் அரபுக் குதிரைக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அரேபியாவில் என்ன, ஊட்டிக் குளிரா அடிக்கிறது? 'அது வறண்ட வெயில், இது புழுக்கம்' என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம். வேர்வை காயாத புழுக்கத்தில் குதிரை ரொம்பவே தவிக்கும். கடுமையாக ஓடுகிற குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேல்கூட வேர்வை சிந்தும். அதோடு உப்பும் போகும்.

ஆனால், இந்தக் கரையோரமாகவே தெற்கே கோடிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். சரணாலயத்துக் காட்டில், வெளிமான்களோடு மட்டக் குதிரைகள் கூட்டமாகத் திரிகின்றன. எப்போதோ மனிதர்கள் வளர்த்து, பிறகு காட்டோடு போய்விட்ட குதிரைகளின் வாரிசுகள். கூரை இல்லை, கொள்ளு இல்லை, வைத்தியர் இல்லை. அதே உப்புக் காற்று, அதே புழுக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டையே புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகும் குதிரைகள் அங்கே இருக்கின்றன. நாட்டு மட்டக் குதிரையின் உடல்வாகு வேறுதான். அரபுக் குதிரையோடு அப்படியே ஒப்பிட முடியாது. என்றாலும், பழியை மொத்தமாக வெயில்மேல் போட முடியாது என்பதற்கு அவையே உயிருள்ள சாட்சி. அந்தக் குதிரைகள் நாள் முழுக்க நடக்கின்றன, நாள் முழுக்கப் புல் மேய்கின்றன. பாண்டியனின் குதிரைகளுக்கு இந்த இரண்டுமே கிடைக்கவில்லை.

என்ன கிடைத்தது? மறுபடியும் வஸ்ஸாஃபைக் கேட்போம். கப்பலிலிருந்து இறங்கிய குதிரைகளைக் கயிறும் முளையும் போட்டு 40 நாள் லாயத்தில் கட்டிவைப்பார்களாம். நன்றாகக் கொழுக்க வேண்டும் என்பதற்காக! பச்சை பார்லிக்குப் பதிலாக வறுத்த பார்லி, வெண்ணெய் போட்டுப் பிசைந்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். மாப்பிள்ளை விருந்து! 40 நாள் கழித்து, எந்தப் பயிற்சியும் கொடுக்காமல், வீரர்கள் அவற்றின்மேல் ஏறிப் பேய் மாதிரி விரட்டுவார்களாம். கொஞ்ச காலத்திலேயே மின்னலாகப் பறந்த குதிரை சோர்ந்து, தளர்ந்து, ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும் என்று முடிக்கிறார். மார்க்கோ போலோ தன் பங்குக்கு, வேகவைத்த அரிசியும் வேகவைத்த இறைச்சியும் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்கிறார்.

படிக்கும்போதே இன்றைய கால்நடை டாக்டர் யாராக இருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஏனென்று பார்க்க, குதிரையின் உடம்புக்குள் கொஞ்சம் நுழைய வேண்டும்.

குதிரை, புல் தின்பதற்காகப் படைக்கப்பட்ட பிராணி. அத்தனை பெரிய உடம்புக்கு இரைப்பை ரொம்பச் சின்னது. கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் மேய வேண்டும். ஒரேயடியாகத் தானியத்தைக் கொட்டினால் வயிற்றுவலி வரும், குளம்புக்குள் வீக்கம் வரும். ஒத்துக்கொள்ளாததை வாந்தியெடுக்கலாம் என்றால் அதுவும் குதிரையால் முடியாது. ஓய்வில் கட்டிப்போட்டு முழுத் தீனி கொடுத்துவிட்டுத் திடீரென வேலை வாங்கினால், தசைகள் இறுகி, நார் நாராகச் சிதைந்துபோகும். வண்டிக் குதிரைகள் இருந்த காலத்தில் ஐரோப்பியர்கள் இதைத் 'திங்கட்கிழமை நோய்' என்றார்கள். ஞாயிறு முழுக்க லாயத்தில் நின்று தின்ற குதிரை, திங்கட்கிழமை காலையில் வண்டியில் பூட்டினதும் மடங்கி விழும். அங்கே ஒருநாள் லீவுக்கே அந்தக் கதி. இங்கே 40 நாள்!

இப்போது இதயம். பந்தயக் குதிரையின் இதயம் சராசரியாக 4 கிலோவிலிருந்து 5 கிலோ வரை இருக்கும். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 30, 40 தடவைதான் துடிக்கும். நாலுகால் பாய்ச்சலில் அதுவே 220-ஐத் தாண்டும். நமக்கு 70 துடிப்பு 190 ஆனாலே மூச்சு முட்டுகிறது. குதிரைக்கு ஆறு மடங்குக்குமேல் ஏற வேண்டும். போதாததற்கு, ஓடத் தொடங்கியதும் அதன் மண்ணீரல் சுருங்கி, சேர்த்துவைத்திருந்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். ரத்தம் கெட்டியாகிவிடும். அந்தக் கெட்டி ரத்தத்தை அந்த வேகத்தில் இறைக்க வேண்டும். தசையில் ஒரு சின்னக் குறை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடுகிற நேரம் அதுதான்.

மனிதர்களுக்கு வருகிற மாதிரி ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்து ஹார்ட் அட்டாக் வருவது குதிரைகளுக்கு மிக அபூர்வம். அவற்றுக்கு வினை பெரும்பாலும் இதயத் தசையிலும் துடிப்பின் தாளத்திலும்தான். நோயாலோ விஷத்தாலோ சத்துக் குறைவாலோ இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டால், அது மறுபடி முளைப்பதில்லை. அந்த இடத்தில் தழும்புதான் வரும். தழும்பின் வழியாக மின்சாரம் ஒழுங்காகப் பாயாது. நிற்கும்போதும் நடக்கும்போதும் ஒன்றும் தெரியாது. ஒருநாள் முழு வேகத்தில் ஓடும்போது தாளம் தப்பும். ஓடின வேகத்திலேயே குதிரை விழும். பார்க்கிறவர்கள் 'கண்ணு பட்டுடுச்சு' என்பார்கள்.

சத்துக் குறைவு என்றேன். இதயத் தசையைக் காப்பாற்றுகிற காவலர்கள் இரண்டு பேர். ஒருவர் வைட்டமின் ஈ, மற்றவர் செலினியம் என்கிற தாது. வைட்டமின் ஈ பசும்புல்லில் தாராளமாக இருக்கிறது. காய்ந்த தீனியில் குறைவு. வறுத்தால் இன்னும் குறையும். இவை இல்லாமல் வளரும் குட்டிகளுக்குத் தசை வெளுத்துப்போகும் நோய் வருகிறது. அது இதயத்தைப் பிடித்தால் குட்டி திடீரென்று செத்துவிடும்.

இதனால், பாண்டியனின் குதிரைகள் எல்லாம் இதயத் தசை நோயால்தான் செத்தன என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. அவற்றை அறுத்துப் பார்த்தவர் யாருமில்லை. ரத்தத்தில் ஒட்டுண்ணி புகுந்து உருக்கும் 'சர்ரா' நோய் நம் நாட்டில் உண்டு. அந்த ஒட்டுண்ணியை 1880-ல் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். பூச்சி பரப்பும் ஆப்பிரிக்கக் குதிரை நோய் 1960-ல் இந்தியாவுக்குள் நுழைந்தது. அந்த நோயின் ஒரு வடிவம் நேராக இதயத்தையே தாக்கும். 1959-லிருந்து 1961-க்குள் மேற்காசியாவிலும் நம் பக்கத்திலும் சேர்த்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரை, கழுதை, கோவேறு கழுதைகள் பலியாகின. ஆக, சந்தேகப் பட்டியல் நீளமானது. ஆனால் எத்தனை பெயர் சேர்த்தாலும், கட்டிப்போட்டதும், கண்டதைத் தின்னக் கொடுத்ததும், பழக்காமல் விரட்டியதும் பட்டியலின் முதல் வரியில் நிற்கும். இரண்டு சாட்சிகளும் நேராகச் சுட்டுவது அதைத்தான்.

இதில் பெரிய சோகம் என்னவென்றால், அறிவு இல்லாமல் போகவில்லை. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை வைத்தியம் இந்த நாட்டில் வெகுகாலமாக இருந்தது. பஞ்ச பாண்டவர்களில் நகுலன் குதிரை சாஸ்திரம் அறிந்தவன் என்பார்கள். அவன் பெயரில் வழங்கும் 'அசுவ சாஸ்திரம்' என்ற நூலைத் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் 1952-ல் வண்ணப் படங்களோடு அச்சிட்டது. அம்பகரத்தூரில் காலையில் பஸ் ஏறினால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் தஞ்சாவூர் போய்விடலாம். அவ்வளவு பக்கம்! ஆனால் ஏட்டுக்கும் லாயத்துக்கும் நடுவில் இருந்த தூரத்தை யாரும் கடக்கவில்லை. ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர் லாயத்துக்கு வந்து சாணி மிதிக்கவில்லை. லாயத்தில் நின்றவனுக்கு ஏட்டைப் படிக்க வாய்ப்பில்லை. அந்த இடைவெளியில் புகுந்துதான் வெளிநாட்டு வியாபாரி வருஷம் 22 லட்சம் தினாரை அள்ளிக்கொண்டு போனார்.

அவ்வளவு செலவழித்தும் அந்தக் குதிரைகள் நாட்டைக் காப்பாற்றினவா? 1310-ல் குலசேகர பாண்டியன் கொல்லப்பட்டான். மகன்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அடித்துக்கொண்டார்கள். 1311-ல் மாலிக் கஃபூர் வந்தார். அவர் வாரிக்கொண்டு போனவற்றில் 512 யானைகளும் 5,000 குதிரைகளும் அடக்கம் என்று கணக்குச் சொல்கிறார் டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு. அரபிக் குதிரைகள், சிரியக் குதிரைகள் என்று வகை பிரித்தே சொல்கிறார். கோயில் பணத்தில் வாங்கி, வெண்ணெய் ஊட்டி வளர்த்து, எஞ்சியதும் எதிரியின் லாயத்துக்குப் போனது.

'அந்தக் காலத்து ராஜாக்கள் முட்டாள்கள்' என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் காலத்துக் கதையைக் கேளுங்கள்.

2009 ஏப்ரல். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் பெரிய போலோ போட்டி. வெனிசுவேலா நாட்டு அணி ஒன்றின் குதிரைகள் மைதானத்துக்கு வந்து இறங்குகின்றன. இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளாடி விழுகின்றன. 21 குதிரைகள் செத்தன. காரணம்? தெம்புக்காகப் போட்ட சத்து மருந்து. அதில் செலினியத்தின் அளவு தப்பாகிப் பல மடங்கு கூடிவிட்டது. குறைந்தாலும் கொல்லும், கூடினாலும் கொல்லும் அதே செலினியம். கோடீஸ்வரர்களின் ஆட்டம், கூடவே டாக்டர்கள், நவீன லேப். இருந்தும், கொழுக்கவைக்கப் போய்க் கொன்ற பழைய கதை அச்சுப் பிசகாமல் நடந்தது.

இன்னொன்று நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஆபத்து. கோழிகளுக்குக் குடல் நோய் வராமலிருக்கத் தீவனத்தில் மோனென்சின் என்றொரு மருந்தைக் கலப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். கோழிக்கு நல்லது, மாடும் ஓரளவு தாங்கும். குதிரைக்கு அதே மருந்து எமன். ஒரு கிலோ உடல் எடைக்கு 2, 3 மில்லிகிராம் போதும். அரளியைப் போலவே இதுவும் செல்லின் உப்புக் கணக்கைத்தான் குலைக்கிறது. இதயத் தசை செத்துப்போகும். பிழைத்துக்கொண்ட குதிரைகூடத் தழும்போடு உலாவி, மாதக்கணக்கு கழித்து ஓடும்போது விழலாம். மிச்சமான கோழித் தீவனத்தைக் குதிரைக்குப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

சரி, செத்த பிறகாவது காரணத்தைக் கண்டுபிடித்துவிட முடிகிறதா? பந்தயத்திலோ பயிற்சியிலோ திடீரென்று செத்த 268 குதிரைகளின் பிரேதப் பரிசோதனைகளை, பல நாடுகளிலிருந்து திரட்டி 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உறுதியாகக் காரணம் சொல்ல முடிந்தது, ஏறக்குறைய பாதியில்தான். ஐந்தில் ஒரு பங்குக்குமேல் 'காரணம் தெரியவில்லை' என்றே முடிந்தது. 2021 டிசம்பரில் கலிஃபோர்னியாவில், மெடினா ஸ்பிரிட் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரை பயிற்சி ஓட்டம் முடிந்ததும் விழுந்து செத்தது. ரத்தம், ரோமம் வரை சோதித்தார்கள். உறுதியான காரணம் கிடைக்கவில்லை. தாளம் தப்பி நின்றுபோன இதயம், அறுத்துப் பார்த்தால் சில சமயம் ஆரோக்கியமான இதயம் போலவே இருக்கும். தாளம் தடயத்தை விட்டுச்செல்வதில்லை.

உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்றால், அதிலும் ஒரு தமாஷ். நல்ல ஆரோக்கியமான குதிரையின் இதயம், ஓய்வில் இருக்கும்போது நடுநடுவே ஒரு துடிப்பை விட்டுவிடும்! ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கிற புதுசு, 'ஐயையோ' என்று பதறிப்போவார். அனுபவசாலி சிரிப்பார். குதிரையைக் கொஞ்சம் நடக்கவிட்டால் அந்த இடைவெளி மறைந்துவிடும். மறைந்தால் கவலையில்லை. மறையாவிட்டால்தான் ஈ.சி.ஜி., ஸ்கேன், தசை சிதைந்திருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எல்லாம் தேவை. குதிரையின் இதயத்தை அறிவது என்றால், எது குறை, எது இயல்பு என்று பிரித்தறிவதுதான்.

நம் ஊர்களில் ஜட்கா வண்டி ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால், குதிரை மறையவில்லை. கல்யாண மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக் குதிரை வருகிறது. கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடக்கிறது. முகூர்த்தம் இல்லாத மாதமெல்லாம் கட்டுத்தறியில் நின்று, முகூர்த்தம் வந்ததும் வேட்டுச் சத்தத்துக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் நடுவில் ராத்திரி முழுக்க நிற்கிறது. 40 நாள் கட்டிப்போட்டுவிட்டு ஏறி விரட்டிய கதையின் சின்னப் பதிப்பு. அந்தக் குதிரையை ஓட்டிவருகிறவர் அதை நம்பித்தான் பிழைக்கிறார். அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. தினமும் கொஞ்சம் நடக்கவிடுங்கள், பச்சைப் புல் போடுங்கள், ஓடி முடித்ததும் மூச்சு வழக்கத்தைவிட அதிக நேரம் வாங்கினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவருக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லியிருக்கிறோமா? ஏட்டுக்கும் லாயத்துக்கும் நடுவில் இருந்த அந்தப் பழைய தூரம், இன்னும் முழுசாகக் குறையவில்லை.

நளன் கதையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா? அதன் முடிவு இப்படி. ஒல்லிக் குதிரைகள் பறந்த பறப்பைப் பார்த்து இருதுபர்ணன் அசந்துபோகிறான். சூதாட்டத்தின் சூட்சுமம் அவனுக்குத் தெரியும். அதை நளனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவன் கேட்டுப் பெற்றுக்கொண்டது அந்த அசுவ ஹிருதய வித்தையை. தேரும் குதிரைகளும் ஏற்கெனவே அவனுடையவைதான். அவை மட்டும் போதாது என்பது அந்த ராஜாவுக்குப் புரிந்திருக்கிறது.

பாண்டியன் வருஷத்துக்கு 10,000 குதிரைகளை வாங்கினான். அந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்கவில்லை.